வீட்டு வரைபடத்தில் மரத்துக்கும் ஓர் இடம்



சொந்தமாக ஒரு வீடு என்பது நம் மக்களில் பலருக்கு வாழ்நாள் கனவு. வெளியூரில் லாரி ஓட்டி, கோழிப் பண்ணையில் வேலை செய்து, மரவள்ளிக்கிழங்கு போட்டு, மிளகு பறித்துச் சேர்த்த பணத்தையெல்லாம் அதில்தான் போடுகிறார்கள். அந்த வீடு எழும்பும் இடத்தில் ஒரு பலா மரமோ, புளிய மரமோ, நான்கைந்து சில்வர் ஓக் மரங்களோ நின்றால் என்ன செய்வது? "நிலம் என் பேரில் இருக்கிறது, பட்டா என்னிடம் இருக்கிறது, மரமும் என் தாத்தா வைத்தது. வெட்டுவதற்கு நான் யாரைக் கேட்க வேண்டும்?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான விடை ஊருக்கு ஊர், மரத்துக்கு மரம் மாறுகிறது. அது தெரியாததால் சிலர் ஏமாறுகிறார்கள், சிலர் வீண் அலைச்சல் படுகிறார்கள், இன்னும் சிலர் இரவோடு இரவாக மரத்தைச் சாய்த்துவிட்டு, பிறகு பயந்துகொண்டே இருக்கிறார்கள். ஆகவே இந்த வாரம் இதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

மலைக்கும் சமவெளிக்கும் நடுவே

காளப்பநாயக்கன்பட்டி ஒரு பேரூராட்சி. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகும் சாலை நம் ஊரைக் கடந்து காரவள்ளி அடிவாரத்தைத் தொடுகிறது. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலை. இங்கே கீழே ஒரு சட்ட நடைமுறை, மேலே வேறொரு சட்ட நடைமுறை. நம் உறவினர்கள் இரண்டு இடத்திலும் இருக்கிறார்கள். கீழே நடந்ததை வைத்து மேலே உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்வதும், மேலே நடந்ததைக் கேட்டுக் கீழே உள்ளவர்கள் பயப்படுவதும் இதனால்தான்.

முதலில் கீழே உள்ள நிலையைப் பார்ப்போம். பேரூராட்சி எல்லைக்குள் வீடு கட்ட வரைபட அனுமதி வேண்டும். இதற்கு அடிப்படை, 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். சிறிய வீடுகளுக்கு இந்த அனுமதியை எளிதாக்க, 2024 ஜூலையில் சுயசான்று முறையைத் தமிழக அரசு கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், இணையம் வழியே தாமே உறுதிமொழி அளித்து உடனடி அனுமதி பெறலாம் என்பது அதன் சாரம்.

ஆனால் இந்த அனுமதி கட்டடத்துக்கு மட்டுமே. மனையில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கு அது அனுமதி ஆகாது. இரண்டும் வேறு வேறு. "பிளான் அப்ரூவல் வந்துவிட்டது, இனி எல்லாம் வெட்டலாம்" என்று மேஸ்திரி சொன்னால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

கீழே, சொந்தப் பட்டா நிலத்தில் உள்ள வேம்பு, முருங்கை போன்ற சாதாரண மரங்களை எல்லாம் ஒரே அடியாகத் தடுக்கும் சட்டம் நம் மாநிலத்தில் இல்லை. டில்லியில் 1994 முதல் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் சில மரங்களுக்குத் தனி விதிகள் உண்டு. சந்தன மரம் நம் நிலத்தில் தானாக முளைத்திருந்தாலும் வனத்துறைக்குத் தெரியாமல் தொட முடியாது. தேக்கு போன்ற மரங்களை வெட்டி வண்டியில் ஏற்றினால், பாதையில் காட்ட வழிச்சீட்டு வேண்டும். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயமாக்கப்படும் என்று 2021 ஆகஸ்டில் தாக்கலான வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது.

வாசலுக்கு எதிரே சாலையோரத்தில் நிற்கும் புளிய மரம் நம்முடையது அல்ல. அது அரசுக்குச் சொந்தம். வீட்டுக்கு வண்டி வர வழி இல்லை என்பதற்காக அதை நாமே வெட்ட முடியாது. பொது இடத்து மரங்களைக் காக்க 2021இல் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழுக்களை அமைக்க அரசு ஆணையிட்டது. அப்படிப்பட்ட மரங்களை வெட்டுவதா இல்லையா என்ற கேள்வி அங்கேதான் போக வேண்டும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றுக்குப் பத்துக் கன்றுகள் நட வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் உண்டு.

மேலே ஏறினால்

மலையில் நிலைமை வேறு. மலைப்பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதிகள் (மரங்கள் பாதுகாப்பு) சட்டம் செல்லுபடியாகும். நிலம் தனியாருடையதாக இருந்தாலும், இதற்கென அமைக்கப்பட்ட குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மரத்தை வெட்டவோ, வேரோடு பிடுங்கவோ, எரிக்கவோ கூடாது என்பது அதன் அடிப்படை. நாம் பலாவையும் மிளகுக் கொடி ஏறும் மரத்தையும் வீட்டுப் பிள்ளைகள் போலப் பார்க்கிறோம். சட்டமோ அவற்றை மலையின் பாகமாகப் பார்க்கிறது.

இதற்கு மேல் கட்டடத்துக்கும் ஒரு காவல் உண்டு. 1990இல் தமிழக அரசு மலையிடப் பாதுகாப்புக் குழுமம் என்ற அமைப்பை ஏற்படுத்தியது. மக்கள் வாயில் அதற்கு 'ஹாகா' என்று பெயர். அதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் கட்டுமானத்துக்கும் மனைப்பிரிவுக்கும் அனுமதி கேட்டால், வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை போன்ற துறைகளின் தடையின்மைச் சான்றுகளும் கேட்கப்படலாம். சரிவு எவ்வளவு, மண் எப்படிப்பட்டது, ஓடை எங்கே போகிறது, பக்கத்தில் காப்புக்காடு இருக்கிறதா என்பவற்றை ஒவ்வொரு துறையும் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். அடிவாரத்துக் கிராமங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே நம் சர்வே எண் எந்தக் கிராமத்தில் வருகிறது, அந்தக் கிராமம் பட்டியலில் உள்ளதா என்பதை நாமக்கல்லில் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ, வட்டாட்சியர் அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்வதே முதல் வேலை.

இவ்வளவு கெடுபிடி எதற்கு?

ஏழை ஒருவர் மூன்று அறை கட்டுவதற்கு இத்தனை வாசற்படி ஏற வேண்டுமா என்று கோபம் வருவது இயல்பு. ஆனால் இந்தச் சட்டங்களின் பின்னால் கசப்பான வரலாறு இருக்கிறது.

நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஒரு காலத்தில் தம் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த காடு வெட்டப்படுவதைக் கண்டு மனம் பொறாமல், நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று வந்த ஆணை நாட்டையே புரட்டிப்போட்டது. காடு என்றால் அரசுப் பதிவேட்டில் காடு என்று எழுதியிருப்பது மட்டுமல்ல, அகராதிப் பொருளில் காடாக இருப்பதும் காடுதான், யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் சரி என்று நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டின் வனப் பகுதிகளில் மரம் வெட்டுவதற்கு முழுத் தடையும் வந்தது. அதே ஆணையில், சமூகக் காடுகள் திட்டத்தில் காடல்லாத பட்டா நிலத்தில் மரம் வளர்க்கும் பழங்குடியினர், உரிய சட்டத்துக்கு உட்பட்டு வளர்க்கவும் வெட்டவும் தொடரலாம் என்ற விலக்கும் இருந்தது. நீதிமன்றத்தின் கண்ணுக்கு மலைவாழ் மக்கள் தெரியாமல் போகவில்லை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

மண் சரிந்த ஊர்களின் பட்டியலும் நம் முன் இருக்கிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவுகள் 40க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டன. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் புதையுண்டன, 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் இருந்த ஒரு வீட்டின் மேல் மண்ணும் பாறையும் விழுந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் மரம் வெட்டியதுதான் ஒரே காரணம் என்று சொல்வது சரியாகாது. அளவு கடந்த மழைதான் முதற் காரணம். ஆயினும் சரிவில் மண்ணைப் பிடித்திருப்பது வேர். வேரை எடுத்துவிட்டு, ஜேசிபி வைத்துச் சரிவைச் செங்குத்தாக வெட்டி, ஓடை போகும் வழியில் சுவர் எழுப்பினால், பெருமழை வரும்போது அந்த மண் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

நம் மரம் நம்மோடு நிற்பதில்லை. மேல் வீட்டுக்காரர் வெட்டிய மரத்தின் விலையைக் கீழ் வீட்டுக்காரர் கொடுக்க நேரிடுகிறது. அனுமதி என்ற ஒன்று வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய காரணம் தேவையில்லை.

சிறியவருக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்றா?

ஆனால் மற்றொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. சட்டம் நல்லதாக இருப்பது வேறு, அது நடக்கும் விதம் வேறு. ஒரு மரத்துக்கு அனுமதி கேட்டு மனுக் கொடுத்த மலைக் குடும்பம், கீழே நாமக்கல் வரை பஸ் ஏறி, ஒருநாள் கூலியை இழந்து, "அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பதிலோடு திரும்புகிறது. இப்படி நான்கு முறை நடந்தால் ஐந்தாவது முறை அவர்கள் போக மாட்டார்கள், கோடரியைத்தான் எடுப்பார்கள். அல்லது "நான் முடித்துத் தருகிறேன்" என்று வரும் இடைத்தரகரிடம் பணத்தைக் கொடுப்பார்கள். மறுபுறம் பணம் உள்ளவரின் ஓய்வு விடுதி எழும்போது சரிவு வெட்டப்படுகிறது, பாதை போடப்படுகிறது, கேட்பாரில்லை. மக்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கொடைக்கானல் இதற்குப் பழைய சாட்சி. 1990களில் அங்கே பிளசண்ட் ஸ்டே ஓட்டல் என்ற விடுதி இரண்டு தளங்களுக்கு அனுமதி பெற்று ஏழு தளங்கள் எழுப்பியது. 1994இல் அரசு அதற்கு விதிவிலக்கு வழங்கியது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு நீதிமன்றம் சென்றது. 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை நிலைநிறுத்தியது. அந்தக் குழுவை 1985இல் தொடங்கியவர்களுள் ஒருவர் இயேசு சபைக் குரு கே.எம்.மேத்யூ. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் தாவரக் காப்பகத்தை வளர்த்தவர், தமிழகத் தாவரங்களைப் பல தொகுதிகளில் பதிவு செய்தவர். செடிகளுக்குப் பெயர் சூட்டிக்கொண்டு அறைக்குள் இருந்துவிடாமல், மலைக்காக வழக்காடும் அமைப்புக்கும் அவர் தோள் கொடுத்தார்.

ஏழைகளின் தேவைக்குச் சட்டம் வழிவிட்ட இடமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டுவாழ் மக்களுக்குப் பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர், சாலை போன்றவை அமைக்க ஓரிடத்துக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைப் பயன்படுத்த இடம் தருகிறது. அதற்காக ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரையும் வேண்டும். தேவை என்ன, அளவு என்ன, யார் முடிவெடுப்பது என்ற மூன்றையும் அந்தச் சட்டம் ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறது. ஒரு குடும்பத்தின் வீட்டுக்கான அனுமதியும் இதே தெளிவோடு, ஊருக்கு அருகிலேயே, குறித்த நாளுக்குள் கிடைக்க வேண்டும் என்று கேட்பது தவறா? கலைஞர் கனவு இல்லம் என்று 2024இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், பரப்பு 360 சதுர அடி. அந்த அளவு வீடு கட்டுகிறவர் ஒரு மரத்துக்காக ஆறு மாதம் காத்திருந்தால், சிமெண்டும் கம்பியும் விலை ஏறி, பணம் அஸ்திவாரத்தோடு நின்றுவிடும்.

திருமறை காட்டும் நடுவழி

திருவிவிலியத்தில் வீடும் மரமும் ஒன்றாக வரும் இடங்கள் உண்டு. புதிதாக வீடு கட்டுகிறவன் அதன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் யாராவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்கிறது இணைச்சட்டம் (இச 22:8). அந்தக் காலத்துக் கட்டட விதி அது. என் வீடு, என் மாடி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அங்கே வரும் அயலான் உயிருக்கும் நான் பொறுப்பு. அதே நூல், நகரை முற்றுகையிடும் போர்க்காலத்திலும் கனி தரும் மரங்களை அழிக்காதே என்றும், கனி தராதவற்றை வெட்டலாம் என்றும் பிரித்துச் சொல்கிறது (இச 20:19-20). எந்த மரத்தையும் தொடாதே என்று அது சொல்லவில்லை. எதை வெட்டுகிறோம் என்று பார்த்து வெட்டு என்கிறது.

எலிசாவின் சீடர்களுக்கு இடம் போதவில்லை. யோர்தான் கரைக்குச் சென்று ஆளுக்கொரு மரம் வெட்டி, புதிய இருப்பிடம் கட்ட விரும்பினார்கள் (2 அர 6:1-7). முதலில் தங்கள் தலைவரிடம் கேட்டார்கள், அவரும் போகச் சொன்னார். அவரையும் உடன் வரும்படி ஒருவர் வேண்ட, அவரும் போனார். வெட்டும்போது தண்ணீரில் விழுந்த கோடரி இரவல் வாங்கியது என்று ஒருவர் பதறினார். கேட்டுச் செய்தல், தேவையான அளவே எடுத்தல், இரவல் பொருளுக்காகப் பதறுதல் ஆகிய மூன்றையும் அந்த எளிய வீடு கட்டும் கதையில் காண்கிறோம். நமக்கும் இந்த மலை இரவல்தான். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் பிரிக்க முடியாது என்று உணர்த்தியதும் இதைத்தான். மரத்தைக் காக்கிறேன் என்று ஏழையை அலைக்கழிப்பதும் தவறு, ஏழைக்கு வீடு என்று சொல்லி மலையைக் குடைவதும் தவறு.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வீட்டு வரைபடம் போடும் முன்பே மனையில் நிற்கும் மரங்களை அளந்து, அவற்றையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். இன்ஜினியர்கள் பலர் மனையை வெற்றிடமாகவே வரைகிறார்கள். மரம் தாளில் இருந்தால்தான் வீட்டைப் பத்தடி தள்ளிப் போடலாமா, படிக்கட்டைத் திருப்பலாமா என்ற பேச்சே எழும். பல மரங்கள் இந்தப் பேச்சு நடக்காததால்தான் சாகின்றன.

இரண்டாவது, மலையில் கட்டுவோர் மரத்துக்கான அனுமதியையும் கட்டடத்துக்கான அனுமதியையும் தொடக்கத்திலேயே கேளுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், மரத்தின் படம் ஆகியவற்றை இணைத்து, மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுவின் நிலையைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இடைத்தரகருக்குக் கொடுக்கும் பணத்தைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவது, வெட்டியே ஆக வேண்டும் என்றால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சரிவைத் திறந்து போடாதீர்கள். வேரைத் தோண்டும் முன் தாங்குசுவருக்கும் மழைநீர் வடிகாலுக்கும் வழி செய்யுங்கள். ஒன்றுக்குப் பத்து என்று நடுவது நல்லது. ஆனால் பத்துக் கன்றும் முதல் கோடையைத் தாண்டினால்தான் அது கணக்கு. நட்டதைவிடப் பிழைத்ததை எண்ணுவோம். தாத்தா வைத்த பலாவின் இடத்தை நிரப்பப் பேரன் காலம் ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான்காவது, மலை ஊராட்சிகளில் உள்ளவர்கள் கிராம சபைக்குப் போங்கள். எந்தக் கிராமங்கள் 'ஹாகா' பட்டியலில் உள்ளன, எந்த மரத்துக்கு யாரிடம் மனு, எத்தனை நாளில் பதில் என்பதைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். அதிகாரிகள் மாதம் ஒருநாள் செம்மேட்டில் அமர்ந்து இந்த மனுக்களைப் பார்த்தால், பாதிக் கோடரிகள் கீழே இறங்கிவிடும்.

ஐந்தாவது, இது நமக்கே. ஆலயமோ, பங்கு இல்லமோ, பள்ளியோ, கெபியோ எது கட்டினாலும் நாமும் கேட்டுத்தான் கட்ட வேண்டும். கடவுளின் வீடு என்பதால் வரைபட அனுமதியும் மர அனுமதியும் தேவையில்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. பங்குப் பேரவையில் கட்டுமானம் பேசப்படும் நாளில், இந்த இடத்தில் எத்தனை மரங்கள், எத்தனை தப்பும் என்று ஒரு உறுப்பினராவது எழுந்து கேட்கட்டும்.

புது வீடு மந்திரிக்கக் குருவை அழைக்கும்போது அறை அறையாகத் தீர்த்தம் தெளிக்கிறோம். இனி வீட்டாரோடு வெளியே வந்து, வீட்டுக்காகத் தள்ளிக் கட்டப்பட்டதால் தப்பிய மரத்துக்கும், வெட்டியதற்கு ஈடாக நட்ட கன்றுகளுக்கும் சேர்த்துச் செபிப்போம். அப்படிக் காட்டுவதற்கு ஒரு மரமாவது இருக்கும்படி வீடு கட்டுவோம்.